நம் வீட்டுச் சாமுவேல்களுக்கு ஒரு அமைதி வேளை



இந்த மாத மடலில் எழுப்புதலைக் குறித்து எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் ஆவியானவர் என்னை விடவில்லை. "ஊருக்கு எழுப்புதல் கேட்கிறாயே, உன் வீட்டுப் பிள்ளை தனியாய் உட்கார்ந்து என்னோடு பேசினானா?" என்று உள்ளத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு வெட்கம் தருகிற சாட்சிதான். ஆனாலும் உங்கள் பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாய் இருக்குமானால் என் வெட்கம் பெரிதல்ல.

என் மூத்த மகனை உங்களில் பலருக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் முதல் பரிசு அவனுக்குத்தான். ஆறு வயதிலேயே 23, 91, 121 ஆகிய மூன்று சங்கீதங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கன்வென்ஷன் மேடையில் அவனை நிறுத்தி, மைக்கைக் குனித்துப் பிடித்து, நான் பெருமையாய் நின்றது எனக்கு நன்றாய் ஞாபகம் இருக்கிறது. இப்போது அவன் வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறான். போன வருஷம் அவன் அறையைப் பார்த்து வரலாம் என்று அவன் அம்மா போனாள். அலமாரியின் அடித்தட்டில் மஞ்சப்பை ஒன்று இருந்தது. நாங்கள் வேதாகமத்தை வைத்து அனுப்பின அதே பை. இவள் போட்டுக் கொடுத்த முடிச்சு அப்படியே இருந்தது. ஒன்றரை வருஷமாய் ஒருவரும் அவிழ்க்கவில்லை.

ஊருக்கு வந்து இவள் அழுதாள். நான் கோபத்தோடு போனை எடுத்தேன். வசனத்தின்மேல் வசனம் சொல்லிக் கடிந்துகொண்டேன். அவன் பொறுமையாய்க் கேட்டுவிட்டு ஒன்று சொன்னான்: "அப்பா, எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. நீங்க சொல்ற வசனம் எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடமா தெரியும். ஆனா நான் தனியா ஒரு நாள்கூட ஜெபம் பண்ணதே இல்லப்பா. எப்பவும் நீங்கதான் பண்ணுவீங்க. நான் ஆமென் சொல்லுவேன். இங்க நீங்க இல்ல. அதான் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

பிரியமானவர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஜெபம் இல்லாத நாள் கிடையாது. அதை நான் மனச்சாட்சியோடு சொல்லுவேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் பாய் விரித்தால் நாலு பாட்டு, ஒரு முழு அதிகாரம், அதன்பின் நான் ஜெபிப்பேன். தேசத்துக்காக, மிஷனரிகளுக்காக, சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்காக. முக்கால் மணி நேரம் ஆகிவிடும். பையன் தூங்கி விழுவான். தொடையில் ஒரு தட்டு தட்டுவேன். மறுபடியும் தூங்கினால் தண்டனையாக இன்னொரு அதிகாரம் வாசிக்கச் சொல்லுவேன். இப்போது யோசித்துப் பாருங்கள். தேவனுடைய வார்த்தையை ஒரு பிள்ளைக்குப் பிரம்பாய்க் காட்டினது நான்தானே!

குடும்ப ஜெபம் வேண்டாம் என்று பாஸ்டர் எழுதிவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்ப ஜெபம் வேண்டும். சோறு பரிமாறுகிற இடம் அது. ஆனால் பரிமாறினால் மட்டும் போதுமா? பிள்ளை தன் கையால் எடுத்துச் சாப்பிடப் பழகவேண்டாமா? இருபது வயது மகனுக்கு ஊட்டிவிடுகிற தாய் உண்டா? சரீர விஷயத்தில் நமக்கு இது தெரிகிறது. ஆவிக்குரிய விஷயத்தில் தெரியாமல் போகிறது.

அந்த வாரம் முழுவதும் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எத்தனையோ தடவை பிரசங்கித்த பகுதிதான். ஆனால் எப்போதும் சாமுவேலைப் பற்றியே பேசியிருக்கிறேன். இந்த முறை கர்த்தர் ஏலியைக் காண்பித்தார்.

பையன் இராத்திரியில் மூன்று தரம் எழுந்து ஓடி வருகிறான். சத்தம் கேட்டது, கூப்பிட்டீரே என்கிறான். மூன்றாம் தரம்தான் கிழவருக்குப் புரிகிறது, கர்த்தர் பிள்ளையைக் கூப்பிடுகிறார் என்று. அப்போது ஏலி என்ன செய்தார்? "என் பக்கத்தில் உட்கார், நான் உனக்காகக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவில்லை. நாற்பது வருஷம் இஸ்ரவேலை நியாயம் விசாரித்த பெரிய ஆசாரியன் அவர். எழுந்து போய்ப் பையனுக்குப் பக்கத்தில் நின்று ஜெபிக்கவும் இல்லை. பதில் சொல்லவேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார். அவ்வளவுதான். அவனை அவன் படுத்திருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, தம்முடைய இடத்தில் தாம் இருந்துகொண்டார். சின்னப் பிள்ளை இருட்டில் தனியாய்ப் போய்ப் படுக்கிறான். கர்த்தர் வருகிறார். பேசுகிறார். நடுவில் ஒருவரும் இல்லை.

இதில் என்னை நடுங்கவைத்தது இன்னொன்று. ஏலியின் குமாரர் கர்த்தரை அறியாதவர்கள் என்று இரண்டாம் அதிகாரம் 12-ம் வசனத்தில் எழுதியிருக்கிறது. மூன்றாம் அதிகாரம் 7-ம் வசனத்தில், சாமுவேலும் அதுவரை கர்த்தரை அறியாதவனாய் இருந்தான் என்றே எழுதியிருக்கிறது! இருவருமே ஆசரிப்புக் கூடாரத்துக்குள் வளர்ந்தவர்கள். இருவருக்கும் பாட்டு தெரியும், பலி தெரியும், ஆராதனை முறை தெரியும். வளர்ந்த பிள்ளைகளிடத்தில் ஏலி தோற்றுப்போனார். அதே ஏலி, முதிர்ந்த வயதில், கண் மங்கின காலத்தில், வேறொருத்தி பெற்ற பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுக்கிறார். தோற்றுப்போன தகப்பனையும் கர்த்தர் இதற்குப் பயன்படுத்துகிறார் என்று கண்டபோது எனக்குத் தைரியம் வந்தது. எனக்கு இன்னும் ஒரு மகள் இருக்கிறாள். பல வருஷம் கழித்துக் கர்த்தர் கொடுத்த பிள்ளை. இப்போது பத்து வயது.

இந்தக் காரியத்தில் நமக்கு முன்னே போனவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடி வாசித்தேன். சிலவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி இவர்களுடைய தாயார் சூசன்னா வெஸ்லி அம்மையாரை அறிவீர்கள். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற கிராமத்தில் போதகர் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்று, அதில் பாதியளவு பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர்கள். வீட்டில் வறுமை. 1709-ல் வீடே தீப்பற்றி எரிந்துபோயிற்று. அப்பேர்ப்பட்ட வீட்டில் அந்தத் தாய் வாரத்தில் ஒவ்வொரு சாயங்காலத்தையும் ஒரு பிள்ளைக்கு என்று ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு தனியாய் உட்கார்ந்து ஆத்தும காரியங்களைப் பேசினார்கள். ஜானுக்கு வியாழன், சார்லசுக்குச் சனி. ஜான் வெஸ்லி வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் படித்துப் பட்டம் பெற்று, குருவானவராயும் ஆனபிறகு தாய்க்கு எழுதின கடிதத்தில், அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தில் எனக்குக் கொடுத்த கொஞ்ச நேரத்தை இப்போதும் கொடுக்கமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் நடுவே தனி அறை கிடைக்காதபோது அந்த அம்மையார் முன்னாடைத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார்கள், அப்போது ஒரு பிள்ளையும் தொந்தரவு செய்யாது என்றும் சொல்லப்படுகிறது. நம் சகோதரிகளுக்கு முந்தானை இருக்கிறதே!

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூருக்கு வாருங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர்கள். 1901-ல் ப்ரீனா என்ற சிறுமி அவர்களிடம் அடைக்கலம் தேடி வந்தாள். அதிலிருந்து பிள்ளைகள் பெருகி நூற்றுக்கணக்கானார்கள். 1951-ல் மரிக்கும்வரை அவர்களுக்கு அம்மையார் "அம்மா"தான். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவிலும், ஒவ்வொரு பிள்ளையும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளை அந்தப் பிள்ளையின் விசேஷ நாளாய் வைத்து, அன்றைக்கு அம்மாவின் அறையில் தனியாய் நேரம் கொடுத்தார்கள். நூறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தனி நேரம் கிடைத்தது. இரண்டு பிள்ளைகள் இருக்கிற நம் வீட்டில் ஏன் கிடைப்பதில்லை?

மூன்றாவது ஒருத்தி. இவர்களைப் பற்றி மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனி மார்ஸ்டன் என்று பெயர். இங்கிலாந்தில் கெசிக் ஊரில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. தன் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தாங்களாகவே தினமும் வேதம் வாசிக்கவேண்டும் என்று விரும்பி, இன்றைக்கு இது, நாளைக்கு இது என்று பகுதிகளைக் குறித்துத் தன் கையால் எழுதிக்கொடுத்து வந்தார்கள். பிள்ளைகள் கூடக் கூட எழுதி மாளவில்லை. பிள்ளைகளுக்கு ஊழியம் செய்துவந்த ஒரு சங்கத்துக்கு, இதை நீங்கள் அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா என்று எழுதிக் கேட்டார்கள். 1879 ஏப்ரல் 1-ந் தேதி முதல் வாசிப்பு அட்டை வெளிவந்தது. ஸ்கிரிப்சர் யூனியன் என்று உலகமெங்கும், நம் தமிழ்நாட்டிலும் பிள்ளைகள் நடுவே ஊழியம் செய்கிற இயக்கத்தின் தினவேத வாசிப்பு இப்படித்தான் ஆரம்பித்தது. அந்த ஆசிரியை பிள்ளைகளைக் கூட்டி வைத்து நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏலி செய்ததும் அதுதானே!

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உற்சாகமாய்ப் பிரசங்கித்தேன். "நாளை முதல் ஒவ்வொரு வீட்டிலும் அதிகாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்புங்கள்! இயேசுவானவர் இருட்டோடே எழுந்து ஜெபித்தார், மாற்கு 1:35!" என்று சத்தமிட்டேன். ஆமென் சத்தம் பலமாய் வந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு ஒரு சகோதரி செருப்பைப் போடாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பூ வியாபாரம் செய்கிறவள். புருஷன் காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர்.

"பாஸ்டரய்யா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அதிகாலை அதிகாலைன்னு சொல்றப்ப எல்லாம் எனக்கு நெஞ்சுல குத்துது. நான் மூணு மணிக்குப் பூ மார்க்கெட்டுல நிக்கணும். அவரு ரெண்டு மணிக்கே போயிடுறாரு. பிள்ளைகள எங்க அத்தைதான் எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்புது. அதுக்கும் கண்ணு சரியா தெரியாது. அப்ப எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குக் கர்த்தர் பேச மாட்டாராய்யா?"

நான் வாயடைத்துப் போனேன். இத்தனை வருஷம் மாட்டுத்தாவணியில் குடியிருந்து ஊழியம் செய்கிறேன். பெயரே மாட்டுச் சந்தையைச் சொல்லுகிற ஊர் இது. பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் என்று பாதி ராத்திரியிலேயே விழித்துக்கொள்ளுகிற இடம். 1999-ல் பெரிய பஸ் நிலையமும் இங்கே வந்த பிறகு ராத்திரிக்கும் பகலுக்கும் வித்தியாசம் இல்லை. ஊரெல்லாம் தலையில் வைக்கிற மதுரை மல்லி, விடிவதற்கு முன்னே பறித்துக் கூடை கூடையாய் வருகிற பூ. அதை வாங்கி, கட்டி, விற்று, பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிற தாய்க்கு நான் ஐந்து மணிச் சட்டம் போடுகிறேன்!

"அம்மா, நான் யோசிக்காம சொல்லிட்டேன். நீயே ஒரு நேரத்த ஜெபத்தோட தீர்மானம் பண்ணு. தானியேல் ஒரு நாளைக்கு மூணு வேளை ஜெபிச்சவர். ஆதியாகமத்துல நாளே சாயங்காலத்துலதான் ஆரம்பிக்குது" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்கு விசாரிக்கப் போயிருந்தோம். ஒரே அறைதான். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்லி மத்தேயு 6:6 சொல்லுகிறதே, இவளுக்கு அறையும் அதுவே, வீடும் அதுவே. சாயங்காலம் ஏழு மணி. நடுவில் தண்ணீர் தெளித்த ஈரச்சாக்கில் பூ குவித்திருந்தது. பெரியவன் பதினொரு வயது, மாற்கு சுவிசேஷத்தில் எட்டு வசனம் சத்தமாய் வாசித்தான். பிறகு அவன் பீரோ ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சின்னவள் எட்டு வயது, பாட்டியின் கட்டில் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் கடிகாரம் ஓடவில்லை. "எவ்வளவு நேரம்மா?" என்று என் மனைவி மெதுவாய்க் கேட்டாள். அவள் விரல் நாரில் ஓடிக்கொண்டே இருந்தது. "ரெண்டு முழம் கட்டி முடிக்கிற வரைக்கும் பாஸ்டரம்மா. அதுவரைக்கும் யாரும் பேசக்கூடாது. நானும் பேச மாட்டேன், கட்டிக்கிட்டே மனசுக்குள்ள ஜெபிப்பேன். பெரிய முகூர்த்தம் வந்தா மட்டும் மூணு முழம் ஆயிடும்."

ஸ்தோத்திரம்! ஐந்து வருஷம் வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் வந்து இதைப் பார்க்கவேண்டும். நாங்கள் இருவரும் அந்த இரண்டு முழ நேரமும் வாசற்படியில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சகோதரியிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

அதன்பிறகு என் மகளிடத்தில் வந்தேன். இங்கே எனக்குக் கர்த்தர் கற்றுக்கொடுத்தவற்றைச் சொல்லுகிறேன். இப்படியே செய்யவேண்டும் என்றல்ல.

முதலாவது அவளிடத்திலேயே கேட்டோம். எந்த நேரம், எந்த இடம் என்று. மாடிப்படியில் மூன்றாவது படி என்றாள். ஏன் மூன்றாவது என்று கேட்கவில்லை. காலை ஆறு மணி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வீடு, ஏர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும், "திருச்சி திருச்சி, மேலூர் மேலூர்" என்று கூப்பிடுகிற சத்தம் வரும். இதில் எப்படி அமைதி என்று நான்தான் கவலைப்பட்டேன். அவளுக்கு அது ஒன்றும் பெரிதாய்த் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். வெளியே இருக்கிற சத்தத்தைவிட வீட்டுக்குள்ளே நாம் போடுகிற சத்தம்தான் பிள்ளையைக் கலைக்கிறது. "சீக்கிரம் வா, இட்லி ஆறுது, ஸ்கூல் வேன் வந்துடும்" என்று. அந்தப் பத்து நிமிஷம் என் மனைவி மிக்ஸி போடுவதில்லை. நான் போனை எடுப்பதில்லை. ஊழியக்காரன் போன் அதிகாலையில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடிக்கட்டும். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுகிறேன்.

பத்து நிமிஷம்தான். குறைவு என்று நினைக்காதீர்கள். வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்குத் தின்னக்கூடிய அளவுக்குத்தான் பொறுக்கினார்கள், ஆளுக்கு ஒரு ஓமர். அதிகமாய் எடுத்து மறுநாளைக்கு வைத்ததில் புழு பிடித்தது. நான் என் மகனுக்கு ஒரே ராத்திரியில் பத்து ஓமர் திணித்தவன். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்கு எட்டு வசனம் என்று வாசித்தால் மூன்று மாதத்துக்குள் ஒரு சுவிசேஷமே முடிந்துவிடும்.

வேதாகமத்தைப் புத்தகமாய்க் கையில் கொடுங்கள். செல்போனில் வேதாகமம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பயணத்தில் அதில்தான் வாசிக்கிறேன். ஆனால் பிள்ளை மூன்றாவது வசனம் வாசிக்கும்போது மேலே ஒரு விளம்பரம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு நாலாவது வசனம் கிடையாது.

தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் நம் சபையிலேயே அநேகர். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் வேதாகமம் கொடுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. நாம் ஆராதனையில் வாசிக்கிற தமிழ் வேதாகமம் 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. அதன் நடை நமக்குத் தேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பல வார்த்தை புரியாது. ஒரு நாள் என் மகள் படியிலிருந்து இறங்கி வந்து, "ஆயக்காரன்னா ஆயா வேலை பாக்குறவராப்பா?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லம்மா, வரி வசூல் பண்றவர். நம்ம பஸ் ஸ்டாண்டு வாசல்ல வண்டிக்கு ரசீது போட்டுக் காசு வாங்குறாங்கல்ல, அந்த மாதிரி. அந்தக் காலத்துல கூடுதலா வாங்கி ஏமாத்துவாங்க" என்றேன். "அப்ப லேவி டிக்கெட் புக்க அப்படியே போட்டுட்டு இயேசுகூடப் போயிட்டாரா?" என்றாள். மத்தேயுவின் அழைப்பைக் குறித்து நான் செய்த பிரசங்கம் எல்லாவற்றையும்விட அது எனக்கு நன்றாய் இருந்தது. கேள்வி கேட்கிற பிள்ளையை அடக்கக்கூடாது. பன்னிரண்டு வயதில் ஆண்டவர் தேவாலயத்தில் போதகர் நடுவே கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே!

வாசித்த பிறகு இரண்டு மூன்று நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னோம். இதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். நாம் சத்தமாய்த் துதித்துப் பழகின ஜனம். அந்நிய பாஷை, கைத்தட்டல், அல்லேலூயா முழக்கம், இதையெல்லாம் கர்த்தர் நமக்குக் கொடுத்திருக்கிறார், அதை ஒருவனும் நம்மிடத்திலிருந்து எடுத்துப்போடக் கூடாது. ஆனால் கர்மேலில் அக்கினியை இறக்கின அதே எலியாவுக்கு ஓரேபில் கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசினார். கர்மேலை மட்டும் நம் பிள்ளைகளுக்குக் காட்டினால், கூட்டம் இல்லாத ஹாஸ்டல் அறையில் அவர்கள் தேவனை எங்கே தேடுவார்கள்? என் மகனுக்கு நேர்ந்தது அதுதான்.

தினந்தோறும் நிலைத்திருப்பதற்கு ஒரு வழி சாது சுந்தர் சிங்கின் தாயாரிடத்தில் கற்றேன். 1889-ல் பஞ்சாபில் பிறந்தவர் அவர். அந்தத் தாய் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனாலும் காலையில் எழுந்தால் முதலாவது தெய்வத்தினிடத்தில் ஆத்தும ஆகாரத்துக்காக வேண்டிக்கொள், அதன்பிறகுதான் சாப்பாடு என்று பிள்ளையைப் பழக்கினார்கள். சில நாள் பிள்ளை சாப்பாடுதான் முதலில் வேண்டும் என்று அடம்பிடித்தாலும் அன்பாயோ கண்டிப்பாயோ அதைப் பழக்கிவிட்டார்கள். சுமார் பதினான்கு வயதில் தாயை இழந்தார். ஆனால் 1904 டிசம்பரில் ஒரு அதிகாலையில் ஜெபத்தில் காத்திருந்து ஆண்டவரைத் தரிசித்தபோது, எழுந்து காத்திருக்கிற பழக்கம் அந்தத் தாய் கொடுத்ததுதானே! நம் கையில் முழு வேதாகமம் இருக்கிறது. நாம் டிபனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது முதலில் மூன்றாவது படி, அப்புறம்தான் இட்லி. பரீட்சை நாளிலும் அப்படியே. காய்ச்சல் வந்தால் மட்டும் அவள் அம்மா பக்கத்தில் படுத்து அம்மா வாசிக்கக் கேட்பாள்.

ஒரு நாள் விட்டுப்போனால் திட்டாதீர்கள். எங்களுக்கும் விட்டுப்போகிறது. கன்வென்ஷன் வாரத்தில் நாலு நாள் விட்டுப்போயிற்று. அடுத்த நாள் எட்டு வசனத்திலிருந்து ஆரம்பித்தோம், நாற்பதிலிருந்து அல்ல. நட்சத்திரம் ஒட்டுகிற அட்டை, பரிசு ஒன்றும் வைக்கவில்லை. பரிசுக்காக வாசித்த ஒருவனை வளர்த்துப் பார்த்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. ஏலி மறுநாள் காலையில் பையனைக் கூப்பிட்டு, கர்த்தர் என்ன சொன்னார் என்று கேட்டார். பையன் பயந்தான். சொன்னது ஏலியின் வீட்டுக்கு விரோதமான வார்த்தை. கிழவர் கோபப்படவில்லை. ஒன்றும் மறைக்காமல் சொல்லச் சொல்லி, கேட்டு, தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். பிள்ளைக்கு அமைதி வேளை உண்டாக்குகிற தகப்பன் இதற்கு ஆயத்தமாய் இருக்கவேண்டும். அவள் நோட்டுப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாய்ப் பார்க்கக்கூடாது. கேட்கலாம். சொன்னால் தாங்கவேண்டும்.

நான் ஒரு நாள் கேட்டேன், "இன்னிக்கு என்னம்மா ஜெபிச்ச?" என்று. தயங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். "சொன்னா கோபப்படக் கூடாது" என்றாள். "படமாட்டேன்." "அப்பா சபையில மைக்குல பேசுற குரல்ல வீட்டுலயும் ஜெபம் பண்றாங்க. எங்ககிட்ட பேசுற குரல்ல பண்ணணும்னு கேட்டேன்" என்றாள்.

சமையற்கட்டில் என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சிரித்தாளா அழுதாளா தெரியாது. இருபத்தைந்து வருஷ ஊழியத்தில் எத்தனையோ தீர்க்கதரிசிகள் வந்து எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். "உன்னை உயர்த்துவேன், எல்லையைப் பெரிதாக்குவேன்" என்று. ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் என் குரலைத் தேடிப் பார்த்தேன். சாதாரணமாய்ப் பேசுகிற குரல் ஜெபத்தில் வர மறுக்கிறது, என்ன செய்ய! ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். மகள் முதல் தடவையாய்த் தூங்காமல் ஆமென் சொன்னாள்.

பொங்கல் லீவுக்கு மகன் வந்திருந்தான். நான் வேதாகமத்தைக் குறித்து ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கியிருந்தாள். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அவன் எழுந்து காப்பி டம்ளரோடு மாடிக்குப் போகப் பார்த்தான். படியில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் வேதாகமம். அவனுக்கு வழியில்லை. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவளுக்குக் கீழே, இரண்டாவது படியில் உட்கார்ந்தான். நான் ஜன்னல் வழியாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது.

"என்ன பாப்பா படிக்கிற?" என்று கேட்டான்.

அவள் தலை நிமிரவே இல்லை. "பேசாதண்ணே, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஐந்து நிமிஷமும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்